குளிர்காலம் வந்தால் சளியும் ஃப்ளூவும் ஏன் கூடவே வருகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரொன்டோ, லண்டன், ஆஸ்லோ என்று குளிர் நாடுகளில் குடியேறிய நம்மவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் கேட்கிற கேள்விகள் இவை. ஊரிலிருந்து அம்மா அப்பா போனில் கேட்கிறவையும் சில உண்டு. இதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்குவதுதான் நோக்கம்.

குளிரால்தான் சளி பிடிக்கிறதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ்; குளிர் அதன் வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறது.

ஒரு வரி போதாது என்பவர்களுக்கு ஸ்பிட்ஸ்பெர்கன் கதை. வட துருவத்துக்குப் பக்கத்தில் நார்வேக்குச் சொந்தமான தீவு அது. அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும், கப்பல் வராது, மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே இருக்காது. 1930-31 குளிர்காலத்தில் அங்கே தங்கி யார் யாருக்கு எப்போது சளி பிடிக்கிறது என்று ஆய்வாளர்கள் குறித்துவைத்தார்கள். குளிர் உச்சத்தில் இருந்த மாதங்களில் சளி ஏறக்குறைய இல்லவே இல்லை. பனி உருகி, வசந்தத்தில் முதல் கப்பல் வந்து சேர்ந்ததும் சில வாரங்களுக்குள் ஊர் முழுக்கத் தும்மல். கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு நடுங்கினாலும் சளி பிடிக்காது.

ஆனால் இந்த வாதத்தை எல்லை மீறி இழுக்கவும் கூடாது. 1969-இல் அண்டார்க்டிகாவின் அடிலெய்ட் தீவில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் 12 பேர் 17 வாரம் முழுத் தனிமையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் 6 பேருக்கு வரிசையாகச் சளி பிடித்தது. வைரஸ் அதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்பதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் "பனியில் நிற்காதே" என்று பாட்டி சொன்னது மூடநம்பிக்கையா?

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் நாற்பது வருடங்களுக்கு மேல் சளிக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் நடந்தது. தன்னார்வலர்களை வரவழைத்துத் தங்கவைத்து, மூக்கில் வைரஸ் சொட்டுவிட்டுப் பார்ப்பார்கள். ஒருமுறை சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈர உடம்போடு காற்றடிக்கும் நடைவழியில் நிறுத்தி, அப்புறம் ஈரக் காலுறையோடு மணிக்கணக்கில் இருக்கச் சொன்னார்கள். பாவம், நடுங்கியதுதான் மிச்சம். குளிரில் நின்றதால் மட்டும் யாருக்கும் சளி வரவில்லை. 1968-இல் அமெரிக்காவில் இன்னும் கவனமாகச் செய்த சோதனையிலும், வைரஸ் ஏற்றப்பட்டவர்களைக் குளிரில் வைத்தாலும் வெதுவெதுப்பில் வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு பாட்டிமார் கட்சி தோற்றுவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

2005-இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. 180 பேர். பாதிப் பேர் 20 நிமிடம் ஜில்லென்ற தண்ணீரில் காலை வைத்திருந்தார்கள். மீதிப் பேர் காலியான பாத்திரத்தில். அடுத்த சில நாள்களில் தண்ணீரில் கால் வைத்தவர்களில் 29 சதவீதம் பேருக்குச் சளி அறிகுறிகள். மற்றவர்களில் 9 சதவீதம்தான். ஆய்வை நடத்திய ரான் எக்லஸின் விளக்கம் இது: ஊரில் சளி சுற்றும் காலத்தில் பலருடைய மூக்கில் வைரஸ் ஏற்கெனவே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கால் குளிர்ந்ததும் மூக்கின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அங்கே காவலுக்கு வரும் வெள்ளணுக்கள் குறைகின்றன, பதுங்கியிருந்தது தலைதூக்குகிறது. சொல்லியே ஆக வேண்டிய குறை ஒன்று உண்டு: அவர்கள் கேட்டது அறிகுறிகளை மட்டும்தான், வைரஸ் பரிசோதனை செய்யவில்லை.

என் கணிப்பில் பாட்டிக்குப் பாதி மதிப்பெண் போடலாம். காரணத்தைத் தவறாகச் சொன்னார், எச்சரிக்கையைச் சரியாகச் சொன்னார்.

சளி, ஃப்ளூ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சளி, ஜலதோஷம், தடிமன் என்று நாம் சொல்வதை இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றில் பெரிய கூட்டம் ரைனோவைரஸ். அதில் மட்டும் 160-க்கும் மேல் வகைகள். அதனால்தான் ஒருமுறை பிடித்தால் அடுத்த முறை பிடிக்காது என்ற உத்தரவாதம் கிடையாது. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு எட்டு தடவை வருவது சாதாரணம்.

ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸின் வேலை மட்டும். சளி மெல்ல வரும்: தொண்டைக் கரகரப்பு, தும்மல், மூக்கொழுகல். ஃப்ளூ திடீரென்று அடித்துப் போடும். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் வலி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பருவகால ஃப்ளூ ஆண்டுதோறும் 30 முதல் 50 லட்சம் பேரைக் கடுமையாகத் தாக்குகிறது. சுவாசக் கோளாறால் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள். "வெறும் ஃப்ளூதானே" என்று சொல்வதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா வைரஸும் நடுக்குளிர்காலத்தில்தான் வருமா?

இல்லை. பலரும் கவனிக்காத விஷயம் இது. ஃப்ளூவும், கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளியும் இழுப்பும் தரும் ஆர்.எஸ்.வி.யும்தான் குளிர்ப் பிரதேசங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டம் போடுபவை. சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸின் உச்சம் செப்டம்பரில். வசந்தத்தில் இன்னொரு சின்ன உச்சம். செப்டம்பரில் கனடாவில் குளிர் எங்கே இருக்கிறது? இலைகூட நிறம் மாறியிருக்காது. அப்போது நடப்பது ஒன்றுதான்: பள்ளிக்கூடம் திறக்கிறது.

இது கண்கூடாகத் தெரிகிற இடம் ஆஸ்துமா. செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டரை வாரத்தில் கனடா முழுக்க ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகள் கூட்டம் உச்சத்தைத் தொடும். கொஞ்சம் கழித்து வீட்டுப் பெரியவர்கள். வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு வைரஸ் வந்து சேர்கிற பாதை இதில் அப்படியே தெரிகிறது.

அப்புறம் வைரஸ்களுக்குள்ளேயே போட்டி உண்டு. ரைனோவைரஸ் புகுந்த மூக்கில் உடம்பு இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரந்துவிடும். அது ஓயும்வரை இன்ஃப்ளூயன்சாவுக்கு இடம் கிடைப்பது கடினம். அதனால்தான் ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது.

சரி, ஃப்ளூ ஏன் நடுக்குளிரைத் தேர்ந்தெடுக்கிறது?

குளிரைவிடப் பெரிய குற்றவாளி, குளிர் உண்டாக்குகிற வறட்சி. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 2.4 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 21 டிகிரியில் அதே காற்று 18 கிராம் தாங்கும். டொரொன்டோவில் ஜனவரி இரவு, வெளியே மைனஸ் 10. வானிலை அறிக்கை "ஈரப்பதம் 80 சதவீதம்" என்று சொல்லும். கேட்டால் ஈரமான இரவு போலத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் அந்தக் காற்றில் இருப்பது 2 கிராமுக்கும் குறைவு. அதே காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, ஹீட்டர் அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் என்ன ஆகும்? 18 கிராம் தாங்கக்கூடிய காற்றில் 2 கிராம்: ஏறத்தாழ 10 சதவீதம். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை இருபது முப்பதுக்குக் கொண்டுவரும். சென்னையில் 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள சாதாரண நாளில் ஒரு கனமீட்டருக்கு 21 கிராம் நீராவி இருக்கிறது. உதடு வெடிப்பதும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீரென்று ஷாக் அடிப்பதும், காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்து கிடப்பதும் இந்தக் கணக்கின் விளைவுகள்தான்.

இந்த வறட்சிக்கும் ஃப்ளூவுக்கும் என்ன சம்பந்தம் என்பதை நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் பலேசே குழுவினர் 2007-இல் காட்டினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது கினிப் பன்றிகளை. 1918 பெருந்தொற்றின்போது நியூ மெக்சிகோவில் ஒரு ராணுவ முகாமின் ஆய்வகத்தில் வளர்த்த கினிப் பன்றிகள் செத்து விழுந்ததாக 1919-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. அந்தப் பழைய குறிப்பைப் பிடித்துக்கொண்டு, நோயுள்ள பன்றியையும் நோயில்லாத பன்றியையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 20 டிகிரியில் காற்று வறண்டிருந்தால் வைரஸ் தாராளமாகத் தாவியது. அதே 20 டிகிரியில் ஈரப்பதத்தை 80 சதவீதமாக்கியதும் தாவவில்லை. 5 டிகிரியில் ஈரமான காற்றிலும் ஓரளவு தாவியது. 30 டிகிரியில் காற்று வழியாகத் தாவவே இல்லை. தன்னார்வலர்களை ஈரக் காலுறையோடு நிறுத்தி வைப்பதைவிட எவ்வளவோ தெளிவான விடை.

இரண்டு வருடம் கழித்து ஜெஃப்ரி ஷாமன், மெல்வின் கோன் இருவரும் இந்தப் பழைய எண்களையே எடுத்து வேறு மாதிரி பார்த்தார்கள். சதவீத ஈரப்பதத்தை விட்டுவிட்டு, காற்றில் உண்மையில் எத்தனை கிராம் நீராவி என்று பார்த்தால் பரவலோடு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் குளிர்கால ஃப்ளூ தலைதூக்குவதற்குச் சில வாரம் முன்னால் காற்றின் ஈரம் வழக்கத்தைவிடக் கீழே இறங்குவதையும் பிறகு கண்டார்கள்.

வறண்ட காற்று மூக்குக்குள் என்ன செய்கிறது?

மூக்கின் உள்சுவரில் மெல்லிய சளிப்படலம் இருக்கிறது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, படலத்தில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம், வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். படலம் காய்ந்து கெட்டியானால் நுண்மயிர்கள் அசைய முடியாது. வைரஸ் நகராமல் அங்கேயே நின்று உள்ளே இறங்க நேரம் கிடைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகி குழு எலிகளை வறண்ட காற்றில் வைத்துப் பார்த்தபோது இந்தத் தள்ளிவிடும் வேலை மந்தமானதோடு, கெட்டுப்போன சுவரைச் சரிசெய்யும் வேகமும் குறைந்திருந்தது. இது 2019-இல் வெளிவந்தது.

குளிர் நேரடியாகச் செய்யும் கெடுதலும் உண்டு. 2022-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சிலரைச் சுமார் 4 டிகிரி குளிரில் கால் மணி நேரம் வைத்தார்கள். மூக்கின் உள்வெப்பம் 5 டிகிரி இறங்கியது. மூக்கின் செல்கள் வைரஸைக் கண்டதும் பொய் இலக்குகளாக நுண்ணிய பைகளைக் கூட்டம் கூட்டமாக வெளியே விடும். வைரஸ் செல் என்று நினைத்து அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். வெப்பம் அவ்வளவு இறங்கினால் இந்தப் பைகளின் எண்ணிக்கை நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. முகக்கவசம் போட்டாலும் மூக்கு வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்.

வைரஸுக்கும் குளிர் ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம். இன்ஃப்ளூயன்சாவுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது போல அந்த உறை இறுகி உள்ளே இருப்பதைக் காக்கும். நம் மூச்சுக்குழாயின் சூட்டுக்கு வந்ததும் இளகி வேலையைத் தொடங்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2008-இல் இதைக் கண்டார்கள். ரைனோவைரஸுக்கு மேலுறையே கிடையாது. அது 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகும். நம் மூக்குத் துவாரத்தின் உட்புறம் ஏறக்குறைய அந்த வெப்பம்தான். 2015-இல் எலன் ஃபாக்ஸ்மன் செய்த ஆய்வில், எலியின் சுவாசக்குழாய்ச் செல்கள் 33 டிகிரியில் வைரஸுக்கு எதிரான முதல் எச்சரிக்கையை மந்தமாகவே கொடுத்தன.

எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் காரணம் என்கிறார்களே?

அதுவும் ஒரு காரணம், ஆனால் தனியாக நின்று எதையும் விளக்காது. அலுவலகம் போகிறவர் கோடையிலும் நாளெல்லாம் நான்கு சுவருக்குள்தான் இருக்கிறார். மாறுவது என்னவென்றால் ஜன்னல். குளிரில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் திரும்பத் திரும்ப இழுக்கிறார். கிறிஸ்துமஸ், தைப்பொங்கல் என்று மண்டபங்களிலும் பேஸ்மென்ட்களிலும் கூடுவதும் இந்த மாதங்களில்தான். சூரியனின் புற ஊதாக் கதிர் வெளியே உள்ள வைரஸை அழிக்கும். டிசம்பரில் அதற்கும் பலம் குறைவு.

ஆள் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2020-21 காட்டிக்கொடுத்தது. கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த அந்தக் குளிர்காலத்தில் கனடா முழுக்க ஆய்வகத்தில் உறுதியான ஃப்ளூ நூறைக்கூட எட்டவில்லை. வழக்கமான வருடத்தில் அது பல்லாயிரம். குளிர் அதே குளிர், ஹீட்டர் அதே ஹீட்டர், காற்று அதே வறட்டுக் காற்று. ஆனால் வைரஸுக்குப் பயணம் செய்ய ஆள் கிடைக்கவில்லை. பி வகை ஃப்ளூவில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. தடுப்பூசியிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் ரைனோவைரஸ் மட்டும் அந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மேலுறை இல்லாததால் சானிடைசரின் ஆல்கஹாலுக்கு அது அவ்வளவாக அசைவதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி நீரோடு அனுப்புவதுதான் சரி.

வெயில் இல்லாததால் வைட்டமின் டி குறைகிறதே, மாத்திரை போட்டால் சளி வராதா?

குறைபாடு உள்ளவர்கள் எலும்புக்காக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குளிர் நாட்டில் கருநிறத் தோல் உள்ள நமக்கு அந்தக் குறைபாடு வருவதும் சுலபம். சளியைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு வாங்கினால் ஏமாற்றம்தான் பெரும்பாலும். வைட்டமின் சி-யும் அப்படியே: தினமும் எடுப்பவர்களுக்குச் சளி அரை நாள் முன்னதாக விடலாம், வராமல் போகாது.

சென்னையில் குளிரே இல்லை. அங்கே ஏன் சளி, காய்ச்சல்?

நல்ல கேள்வி. மேலே சொன்ன கணக்கு முழுக்கச் சரியென்றால் சென்னையில் ஃப்ளூவே இருக்கக் கூடாது.

இந்தியாவிலேயே மூன்று விதமான காலண்டர் இருக்கிறது. ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் ஐரோப்பாவைப் போல நடுக்குளிரில். டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழையோடு. சிங்கப்பூரில் வருடத்துக்கு இரண்டு உச்சம். ஆக வெப்ப நாடுகளில் ஃப்ளூ மழையைப் பின்தொடர்கிறது.

ஏன் மழை? வைரஸ் உள்ள நீர்த்துளி வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து வைரஸைக் காப்பாற்றிவிடுகிறது. நடுத்தர ஈரப்பதத்தில் பாதி காய்ந்து, உள்ளே உப்பு அடர்த்தியாகி வைரஸைக் கெடுக்கிறது. நூறு சதவீதத்தை ஒட்டிய மழைநாள் ஈரத்தில் துளி காயவே காயாது, வைரஸும் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு ஓரமும் அதற்கு வசதி, நடுப்பகுதிதான் ஆபத்து. இன்னொன்று, பலேசே குழு அடுத்த வருடமே கினிப் பன்றிகளை 30 டிகிரியில் ஒரே கூண்டில் சேர்த்து வைத்தபோது வைரஸ் நன்றாகவே பரவியது. காற்றில் தூரம் போக முடியாவிட்டாலும் நெருக்கத்தில் தொற்றிக்கொள்கிறது. மழை நாளில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்ட டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள்.

பருவம் என்பதே பழகிய வைரஸுக்குத்தான். முற்றிலும் புதிதாக ஒன்று வந்தால் அது காலண்டர் பார்க்காது. 1957-இல் ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது மதராஸ் துறைமுகம் வழியாக, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில், மே மாதத்தில். கத்திரி வெயில் காலம்! யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாததால் சில வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது. அப்போது இன்ஃப்ளூயன்சா ஆய்வு மையம் இருந்தது நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில்தான்.

மார்கழியில் ஊரில் வரும் தும்மல் எல்லாமே தொற்று என்றும் சொல்ல முடியாது. காலைப் பனியோடு கலந்து தரையோரம் நிற்கும் புகையும், போகியன்று எரிக்கும் பழசும் மூக்கை எரிச்சலாக்கும். அது யாருக்கும் ஒட்டாது.

வெளியே கால் வைத்ததும் மூக்கு ஒழுகுகிறது. சளி ஆரம்பிக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த காற்றைச் சூடாக்கி ஈரமாக்கித்தான் மூக்கு நுரையீரலுக்கு அனுப்பும். அதற்காக நீர் அதிகம் சுரக்கிறது. மூச்சை வெளியே விடும்போது அதிலுள்ள நீராவி குளிர்ந்த மூக்கு நுனியில் நீராகவும் மாறுகிறது. உள்ளே வந்து கால் மணி நேரத்தில் நின்றுவிட்டால் கவலையில்லை.

தலைக்குக் குளித்தால்? ஐஸ்கிரீம் சாப்பிட்டால்?

ஐஸ்கிரீமில் சளி வைரஸ் இல்லை. தொண்டை வலிக்கும்போது ஜில்லென்று இருப்பது சிலருக்கு இதமாகவே இருக்கும். ஈரத்தலையோடு பஸ்ஸுக்கு நிற்பது கார்டிஃப் சோதனையின் வரிசையில் வரும்: ஏற்கெனவே வைரஸ் உள்ளே இருந்தால் கிளப்பிவிடலாம். தலையைத் துவட்டிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

ஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதலில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்குங்கள். 40 முதல் 50 சதவீதம் போதும். கடுங்குளிரில் அதுகூட அதிகம்: ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து, சட்டத்தின் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தால் குறைத்துவிட வேண்டும். தொட்டியைத் தினமும் கழுவாவிட்டால் அதற்குள்ளேயே கிருமி வளர்ந்து அறை முழுக்கத் தூவும். ஹீட்டர் மேல் ஈரத்துணி போடும் வழக்கம் வேண்டாம், அது தீ விபத்துக்கு அழைப்பு.

ஃப்ளூ ஊசி எப்போது போட வேண்டும்? ஊருக்குப் போகிறவர்கள்?

உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் செப்டம்பரில் தென் பாதிக்கும், எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. கனடா, பிரிட்டனில் அக்டோபர் நல்ல மாதம். பலன் வர இரண்டு வாரம் ஆகும். ஒன்டாரியோவில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே 6 மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இலவசம். இங்கிலாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயுள்ளவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம்.

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்குக் கனடா கணக்குப்படி நவம்பரில் போடச் சொன்னால் அங்கே உச்சம் கடந்துகொண்டிருக்கும். மழைக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில் அவர்கள் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டதால் ஃப்ளூ வந்தது என்பது நடக்காத விஷயம்: கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஒரு நாள் உடம்பு வலி வரலாம். சளிக்கு ஊசி கிடையாது. 160 வகைக்கு ஒரே ஊசி என்பது இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

ரசம், சுக்குக் கஷாயம், வேது பிடிப்பது, ஆன்டிபயாடிக்: எது உதவும்?

மிளகு ரசமும் சுக்குக் காபியும் வைரஸைக் கொல்லாது. சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம், உடம்பில் நீர் வற்றாமல் காக்கும். சளிக்கு வைத்தியம் என்றால் பெரும்பாலும் இதுதானே. இருமலுக்குத் தேன் நன்றாகவே கேட்கும், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. வேது பிடித்தால் அடைப்பு சிறிது நேரம் விட்ட மாதிரி இருக்கும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிள்ளைகளைக் குனியவைத்துச் சுட்டுக்கொண்ட கதைகள் நிறைய, ஆகவே பிள்ளைகளுக்கு வேண்டாம். கைக்குழந்தையின் மூக்கில், மார்பில் கற்பூரத் தைலம் தடவவும் வேண்டாம்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான். சளி பச்சையாகிவிட்டது, மருந்து எழுதுங்கள் என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளணுக்களின் நொதியால் வருவது. வெறும் வைரஸ் சளியிலும் வரும். பெட்டியில் மிச்சமிருந்த போன வருட மாத்திரையைப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், பேச்சு குழறுதல் என்றால் யோசிக்காமல் உடனே. மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், அல்லது நன்றாகித் திரும்பவும் ஏறும் காய்ச்சலையும் அசட்டை செய்யக் கூடாது. அது நிமோனியாவாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தாலே மருத்துவமனைதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஃப்ளூ என்று சந்தேகம் வந்ததுமே போனில் கேட்டுவிடுவது நல்லது: ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால் எடைக்கேற்ற அளவில். மற்றபடி காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுக்க ஆகும்வரை பள்ளிக்கும் வேலைக்கும் போக வேண்டாம். ஃப்ளூ அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே பரவும் என்பதால், பக்கத்து மேசைக்காரருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவரிடம் சொல்லிவிடுங்கள், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர் கவனமாக இருந்துகொள்வார்.